கலியாணப் படம் மங்கவில்லை, மகனின் படம் ஏன் மங்குகிறது? புகைப்படத்தை உருவாக்கிய காப்புரிமைகளின் கதை

கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தது 2017 பெப்ரவரி 20ஆம் திகதி. அன்றிலிருந்து அந்தப் போராட்டங்களைப் பற்றி எழுதச் சென்ற எல்லோரும் அநேகமாக ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம்: ஒரு தாயின் கையில் ஒரு மகனின் படம்.

அப்படி ஒரு நாள் நான் கமராவைத் தூக்கியபோது, ஒரு அம்மா கையால் மறித்தார். "இதை எடுத்து என்ன செய்யப் போறீங்கள் பிள்ளை, முகமே தெரியாது" என்றார். உண்மைதான். 2004இல், சமாதான காலத்தில், ஒரு ஸ்ரூடியோவில் எடுத்த கலர் படம் அது. முகம் வெளிறி, சட்டையின் நிறம் என்னவென்று சொல்ல முடியாதபடி போயிருந்தது. பிறகு அவர் தன் பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தார். 1979இல் எடுத்த அவருடைய கலியாணப் படம், கறுப்பு வெள்ளை. மாலையில் இருந்த பூக்களை எண்ணலாம் போல இருந்தது.

"ரெண்டும் ஒரே பைக்குள்ளதான் முள்ளிவாய்க்கால் மட்டும் வந்தது. இது நாப்பது வருசத்துக்கு மேல, அப்பிடியே கிடக்குது. இவன்ர படம் ஏன் இப்பிடிப் போகுது?"

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது புகைப்பட வரலாறு எங்களுக்கு ஒரு பாடம். பரீட்சை எழுதியதோடு அதை விட்டுவிட்டேன். அம்மாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடிப் போனபோது அது பழைய காப்புரிமைப் பத்திரங்களுக்குள் இருந்தது. கையில் பிடித்திருக்கும் படம் எதனால் ஆனது, எவ்வளவு காலம் நிற்கும், அதைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்பவற்றை ஒரே இடத்தில் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

காப்புரிமை என்பது என்ன?

பேச்சில் பேட்டன்ட் என்று சொல்லப்படும் காப்புரிமை ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தனது கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை, அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு விபரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு எவரும் அவரது அனுமதியின்றி அதைச் செய்யவோ விற்கவோ முடியாது என்ற உரிமையை அரசு கொடுக்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இந்த உரிமை வழங்கப்படுகிறது. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். துறை தெரிந்தவருக்கு இலகுவில் தோன்றக்கூடியதாக இருக்கக்கூடாது. தொழிலில் பயன்பட வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அதன் பிறகு எவரும் பயன்படுத்தலாம்.

உரிமை முடிந்தாலும் பத்திரம் அழிவதில்லை. எந்தப் பிரச்சினையைத் தீர்க்க முயன்றார்கள், எப்படித் தீர்த்தார்கள் என்பது அதில் எழுதியபடியே இருக்கும். ஒவ்வொரு கண்டுபிடிப்பாளரும் தன் காலத்தில் பணம் தரக்கூடிய ஒரு சிக்கலையே தீர்த்தார். படம் விரைவாக வர வேண்டும், மலிவாக வர வேண்டும், நிறத்தோடு வர வேண்டும். நீண்ட காலம் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் இருந்தது.

வெள்ளியால் ஆன படம்

1839 ஜனவரியில் பரிஸில் லூயி டகேர் தனது முறையை அறிவித்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயடீன் ஆவியில் காட்டி, கமராவுக்குள் வைத்து ஒளிபடச் செய்து, பிறகு பாதரச ஆவியில் காட்டினால் உருவம் தெரியும். பிரெஞ்சு அரசு அதை வாங்கிக்கொண்டு, டகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங் ஓய்வூதியம் கொடுத்தது. அவருடன் சேர்ந்து உழைத்து முன்னரே இறந்துபோன நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங். அதே ஆண்டு ஓகஸ்ட் 19இல் முழு முறையும் உலகத்துக்குப் பொதுவாக வெளியிடப்பட்டது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்னர் இங்கிலாந்தில் மட்டும் டகேரின் சார்பில் காப்புரிமை பதியப்பட்டிருந்தது. உலகம் முழுவதும் இலவசம், இங்கிலாந்தில் மட்டும் காசு.

இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டால்பட் வேறு வழியில் போனார். வெள்ளி உப்புப் பூசிய கடதாசியில் முதலில் தலைகீழ் நிழல், அதாவது நெகற்றிவ். அதிலிருந்து வேண்டிய அளவு பிரதிகள். டகேரின் தகட்டில் ஒரு படம் ஒன்றுதான். டால்பட்டின் முறையில் ஒரு முகத்தைப் பல கைகளுக்குக் கொடுக்கலாம். 1841 பெப்ரவரி 8ஆம் திகதி அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் வந்த எல்லா பிலிம் படங்களுக்கும் அடிப்படை இதுதான்.

ஆனால் உருவம் வந்தால் மட்டும் போதாது. ஒளிபடாத வெள்ளி உப்பும் கடதாசியில் மிச்சம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அதுவும் கறுக்கும். அதைக் கரைத்து அகற்றும் பொருளை ஜோன் ஹேர்ஷல் 1819லேயே கண்டறிந்திருந்தார். 1839இல் அதைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர் ஹைப்போ என்று சொன்ன மருந்து அதுதான். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை.

1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற சிற்பி, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி மிகத் தெளிவான நெகற்றிவ் எடுக்கும் முறையை ஒரு சஞ்சிகையில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். இதுவும் தனது உரிமைக்குள்தான் வருகிறது என்று டால்பட் வாதிட்டார். 1854 டிசெம்பரில் லண்டனில் மார்ட்டின் லறோஷ் என்ற படப்பிடிப்பாளர் மீது தொடுத்த வழக்கில் ஜூரிகள் இரண்டு முடிவுகளைச் சொன்னார்கள். டால்பட்டே தனது முறையின் உண்மையான கண்டுபிடிப்பாளர். ஆனால் கொலோடியன் முறை அதை மீறவில்லை. அந்தத் தீர்ப்போடு இங்கிலாந்தில் ஸ்ரூடியோத் தொழில் திறந்துவிடப்பட்டது. ஆர்ச்சர் 1857இல் வறுமையில் இறந்தார். 1871இல் ஜெலற்றின் பூச்சை அறிமுகப்படுத்திய மருத்துவர் ரிச்சர்ட் லீச் மடொக்ஸும் தன் முறையைப் பிரசுரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த ஜெலற்றின்தான் 20ஆம் நூற்றாண்டு பிலிமுக்கும் கடதாசிக்கும் மேலே இருந்த பூச்சு.

இப்படிக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நாங்கள் வேறு இடத்திலும் அறிவோம். மிதிவெடியில் கால் இழந்த எத்தனையோ பேரை மீண்டும் நடக்க வைத்த ஜெய்ப்பூர் கால், 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. அதற்கும் அவர்கள் காப்புரிமை எடுக்கவில்லை.

அம்மாவின் கலியாணப் படத்துக்கு வருவோம். ஜெலற்றினுக்குள் வெள்ளி உப்பின் மிக நுண்ணிய மணிகள் இருக்கும். ஒளி பட்ட மணிகளை டிவலப்பர் என்ற மருந்து உலோக வெள்ளியாக மாற்றுகிறது. படாதவற்றை ஹைப்போ கரைக்கிறது. கடைசியாகத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிவது மை இல்லை, சாயமும் இல்லை. உலோக வெள்ளித் துகள். உலோகத்தை வெளிச்சம் இலகுவில் சிதைக்காது. சரியாகக் கழுவி, ஈரலிப்பு இல்லாமல் வைத்திருந்தால் நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கும். பழைய படங்கள் மஞ்சளிப்பதற்கும் ஓரங்களில் கண்ணாடி போல மினுங்குவதற்கும் காரணம், கழுவப்படாமல் மிஞ்சிய ஹைப்போ, காற்றில் உள்ள கந்தகச் சேர்வைகள், ஈரலிப்பு ஆகியவையே. 1979இல் அந்தப் படத்தைக் கழுவிய ஸ்ரூடியோக்காரர் அவசரப்படவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஒரு பெட்டி, ஒரு பொத்தான், ஒரு றோல்

கண்ணாடித் தகடு பாரமானது, உடையக்கூடியது. அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில் வங்கி எழுதுவினைஞராக இருந்த ஜோர்ஜ் ஈஸ்ட்மன் இதை ஒரு இயந்திரச் சிக்கலாகப் பார்த்தார். 1885இல் வில்லியம் வோக்கர் என்பவருடன் சேர்ந்து, சுருளாகச் சுற்றிய கடதாசியைக் கமராவுக்குப் பின்னால் பொருத்தும் றோல் பிடியை உருவாக்கினார். 1888 செப்டெம்பர் 4ஆம் திகதி அவரது கமராவுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இலக்கம் 388,850. அதோடு கொடாக் என்ற பெயரும் வந்தது.

அந்தப் பெட்டியின் வேலை மூன்றுதான். ஒரு நூலை இழுத்தால் ஷட்டர் தயாராகும். பொத்தானை அமத்தினால் படம் விழும். சாவியைத் திருப்பினால் றோல் அடுத்த படத்துக்கு நகரும். விலை 25 டொலர், உள்ளே 100 படங்களுக்கான றோல். முடிந்ததும் பெட்டியோடு கம்பனிக்கு அனுப்பினால், 10 டொலருக்குக் கழுவிப் படமாக்கி, புது றோலும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். படம் எடுப்பவருக்கு இரசாயனம் தெரியத் தேவையில்லை என்றானது இங்கேதான்.

ஆனால் வளையும் தெளிவான பிலிமுக்கு யார் உரிமையாளர் என்பதில் பெரிய வழக்கு இருந்தது. நியூவார்க் நகரைச் சேர்ந்த ஹனிபல் குட்வின் என்ற பாதிரியார் 1887 மே 2ஆம் திகதி இதற்கு விண்ணப்பித்தார். ஈஸ்ட்மன் கம்பனியின் இரசாயனவியலாளர் ஹென்றி ரைக்கன்பாக் அவருக்குப் பின் விண்ணப்பித்து 1889 டிசெம்பரில் காப்புரிமை பெற்றுவிட்டார். குட்வினுக்கு அது கிடைத்தது 1898 செப்டெம்பர் 13ஆம் திகதி, பதினொரு ஆண்டுகள். 1900 டிசெம்பர் 31இல் அவர் இறந்தார். அவரது உரிமையை வாங்கிய அன்ஸ்கோ கம்பனி தொடர்ந்து வழக்காடி வென்றது. 1914இல் கொடாக் 50 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. தீர்ப்பு வரும்போது விண்ணப்பித்தவர் உயிரோடு இல்லை. தாமதமான நீதி எங்களுக்கும் புதிய கதை இல்லை.

நிறம் வந்தது, வெள்ளி போனது

அம்மாவின் கேள்விக்கான நேரடிப் பதில் இனித்தான் வருகிறது.

ஜேர்மனியில் ருடோல்ப் ஃபிஷர் என்ற இரசாயனவியலாளர் 1912இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். டிவலப்பர் வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும்போது தானும் மாற்றமடைகிறது. அப்படி மாறிய டிவலப்பர் அருகில் உள்ள இன்னொரு பொருளோடு சேர்ந்து சாயமாகும்படி செய்தால், வெள்ளி உருவாகும் இடத்திலேயே நிறமும் உருவாகும். மூன்று படைகள், மூன்று சாயங்கள்: மஞ்சள், மஜெந்தா, சியான். கடைசியில் வெள்ளி முழுவதையும் அகற்றிவிட்டால் நிறம் மட்டும் மிஞ்சும்.

யோசனை சரி. ஆனால் ஒரு படையில் உள்ள பொருள் அடுத்த படைக்குள் ஊறிப்போவதை ஃபிஷரால் தடுக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகே அதற்கு வழி பிறந்தது. இசைக் கலைஞர்களாக இருந்த லியோபோல்ட் மானஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி என்ற இருவரும் கொடாக்குடன் சேர்ந்து 1935இல் கொடாக்குரோமைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அந்தப் பொருட்களைப் பிலிமுக்குள் வைக்காமல் கழுவும் மருந்துக்குள் வைத்தார்கள். 1936இல் அக்பா கம்பனி, நீண்ட மூலக்கூற்று வாலைக் கட்டி அவற்றைப் படைக்குள்ளேயே நிற்க வைத்தது. 1942இல் கொடாக் கலர் நெகற்றிவையும் கலர் கடதாசிப் படத்தையும் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் எங்கள் ஊர்களில் எடுத்த கலர் றோல் படங்கள் எல்லாம் ஃபிஷரின் இந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

ஆகவே அம்மாவின் கையிலுள்ள இரண்டு படங்களும் வேறு வேறு பொருட்கள். ஒன்று உலோகம். மற்றது சாயம். கலர் படத்தில் வெள்ளி இல்லை. கழுவும்போதே அது போய்விட்டது. சாயம் என்பது சேதனப் பொருள். வெளிச்சத்தின் சக்தி அதன் பிணைப்புகளை உடைக்கும். உடைந்த சாயம் நிறமற்றதாகிவிடும். சேலை வெயிலில் வெளிறுவது போலத்தான். இருட்டில் வைத்திருந்தாலும் வெப்பமும் ஈரலிப்பும் மெதுவாக அதே வேலையைச் செய்யும். 1970களின் கலர் படங்கள் பல அல்பத்துக்குள் இருந்தபடியே சிவந்துபோனதற்குக் காரணம், அக்காலச் சியான் சாயம் இருட்டிலும் நிற்காததுதான். பிறகு வந்த கடதாசிகள் எவ்வளவோ மேல். ஆனால் எந்தக் கலர் கடதாசியும் வன்னி வெயிலில் நாள்தோறும் கையில் பிடிப்பதற்குச் செய்யப்பட்டதல்ல.

சலவை இயந்திரமும் ஒரு மணி நேரப் படமும்

இரசாயனத்துக்கு அருகில் எப்போதும் ஒரு இயந்திரம் இருந்தது. ஜப்பானில் ஸ்ரூடியோ நடத்திய கனிச்சி நிஷிமோட்டோவுக்குப் படங்களைத் தண்ணீரில் அலசுவதே பெரிய வேலையாக இருந்தது. 1951இல் தானாகவே படங்களைக் கழுவும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நொரிட்சு கம்பனி. ஒரு கடைக்குள் அடங்கக்கூடிய சிறிய லாப் இயந்திரத்தை அது 1976இல் கொண்டுவந்தது. 1979இல் வந்த அடுத்த இயந்திரம் ஒரு றோலைக் கழுவிப் படமாக்க எடுத்தது 45 நிமிடம். கலர் லாப் என்று எங்கள் நகரங்களில் பலகை போட்ட கடைகள் இந்த வகை இயந்திரங்களின் வழிவந்தவை. 1979, அம்மாவின் கலியாண ஆண்டு. அங்கே 45 நிமிடத்தில் நிறப்படம் வந்துகொண்டிருந்தபோது இங்கே அவரது படம் இருட்டறையில் கையால் கழுவப்பட்டது. அந்தப் பின்தங்கல்தான் அந்தப் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

உடனடிப் படமும் அடையாள அட்டையும்

படத்தை எடுத்த இடத்திலேயே கையில் கொடுக்கும் முறையைத் தந்தவர் அமெரிக்கரான எட்வின் லாண்ட். 1943இல் மூன்று வயது மகள், எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று கேட்டதிலிருந்து இது ஆரம்பித்ததாக அவர் சொல்வார். 1947 பெப்ரவரி 21இல் நியூயோர்க்கில் செய்து காட்டினார். 1948 நவம்பர் 26இல் பொஸ்டனில் முதல் போலரொய்ட் கமரா விற்பனைக்கு வந்தது.

அதன் உள்ளே இருந்த தந்திரம் எளிமையானது. ஒரு சிறிய உறைக்குள் பசை போன்ற மருந்து. நெகற்றிவையும் கடதாசியையும் சேர்த்து இரண்டு உருளைகளுக்கு இடையில் இழுத்தால் உறை உடைந்து மருந்து சமமாகப் பரவும். ஒளிபட்ட வெள்ளி நெகற்றிவிலேயே நிற்கும். ஒளிபடாத வெள்ளி உப்பு கரைந்து அடுத்த கடதாசிக்குப் போய் அங்கே படமாகும். ஒரு முழு இருட்டறையே 60 செக்கனுக்குள், ஒரு உறைக்குள். லாண்டின் பெயரில் 500க்கு மேற்பட்ட அமெரிக்கக் காப்புரிமைகள் உள்ளன.

1976இல் கொடாக் தனது உடனடிக் கமராவை வெளியிட்டபோது போலரொய்ட் வழக்குப் போட்டது. 1985இல் ஏழு காப்புரிமைகள் மீறப்பட்டதாக நீதிமன்றம் தீர்த்தது. 1986 ஜனவரியில் கொடாக் அந்தத் தொழிலை விட்டே விலகியது. 1991இல் 92 கோடி 50 இலட்சம் டொலருக்கு விடயம் தீர்ந்தது. கொடாக்கின் உடனடிக் கமராவை வாங்கியிருந்த 1 கோடி 60 இலட்சத்துக்கும் அதிகமானவர்களின் கையில் பிலிம் கிடைக்காத பெட்டி மிஞ்சியது.

போலரொய்டின் கதையில் எங்களைப் போன்றவர்கள் தெரிந்திருக்க வேண்டிய பகுதி வேறு. சில நிமிடங்களில் அடையாள அட்டை தயாரிக்கும் ஐடி-2 என்ற கருவியை அந்தக் கம்பனி விற்றது. நிறவெறித் தென்னாபிரிக்காவில் 16 வயதுக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் பாஸ் புத்தகத்தை எப்போதும் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது. அந்தச் சட்டத்தை எதிர்த்த மக்கள் மீதுதான் 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் பொலிஸார் சுட்டு 69 பேரைக் கொன்றார்கள். 1970 ஒக்டோபரில் போலரொய்டில் இரசாயனவியலாளராக வேலை செய்த கரோலின் ஹன்டரும் படப்பிடிப்பாளரான கென் வில்லியம்ஸும், தங்கள் அலுவலகத்தில் தென்னாபிரிக்கச் சுரங்கத் திணைக்களத்துக்கான மாதிரி அட்டையைக் கண்டார்கள். தங்கள் கையால் செய்யும் பொருள் எதற்குப் போகிறது என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தொழிலாளர்களைத் திரட்டினார்கள், புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். ஹன்டர் 1971இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அரசுக்கு நேரடியாக விற்கமாட்டோம் என்றது கம்பனி. ஆனால் அங்கிருந்த விநியோகஸ்தர் இரகசியமாக விற்றது 1977 நவம்பரில் வெளியானதும், தென்னாபிரிக்காவில் வியாபாரத்தை நிறுத்தியது.

சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கும் கண்களுக்கு முன் நின்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. காப்புரிமைப் பத்திரத்தில் கருவி எப்படி வேலை செய்யும் என்று இருக்கும். யார் மீது வேலை செய்யும் என்று இருக்காது. அதே முகத்தை, அதே அளவு சிறிய படத்தை, பின்னர் தாய்மார் பெருப்பித்துக் கையில் பிடித்தார்கள். பல வீடுகளில் காணாமல் ஆக்கப்பட்டவரின் மிஞ்சிய ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்த படம்தான்.

இரசாயனம் இல்லாத படம்

1975இல் கொடாக்கின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், பிலிம் இல்லாத கமரா ஒன்றைச் செய்தார். கிட்டத்தட்ட 3.6 கிலோ எடை. 100க்கு 100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படத்தைக் கசற் நாடாவில் பதிய 23 செக்கன். 1978 டிசெம்பர் 26இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே கொடாக்கில் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி ஒழுங்கு, இன்று அநேகமாக எல்லோருடைய கைத்தொலைபேசிக் கமராவுக்குள்ளும் இருக்கிறது. பிலிமால் வளர்ந்த கொடாக் 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. தனது டிஜிற்றல் படக் காப்புரிமைகளைச் சுமார் 52 கோடி 50 இலட்சம் டொலருக்கு விற்றது.

டிஜிற்றல் கோப்பு வெளிறாது. ஆனால் தொலைபேசி உடைந்தால், மெமரி காட் பழுதானால், ஒரே நொடியில் முழுவதும் போகும். படம் மங்குவது கண்ணுக்குத் தெரியும். கோப்பு போவது தெரியாது.

இப்போது என்ன செய்யலாம்?

மூலப் படத்தைப் போராட்டத்துக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுபோக வேண்டாம். பிரதி எடுத்து அதைக் கொண்டுபோங்கள். மூலப் படத்தை எவர் கேட்டாலும் கையளிக்க வேண்டாம்.

ஸ்கானர் உள்ள கடையில் 600 டிபிஐ அளவிலும், அடையாள அட்டை அளவுப் படமானால் 1200 டிபிஐ அளவிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் தொலைபேசியே போதும். யன்னலருகே நிழலில், கறுப்புத் துணியின் மேல் படத்தை வைத்து, ஃப்ளாஷ் போடாமல், தொலைபேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று உறவினரிடம், ஒன்று இணையச் சேமிப்பில் இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், படம் எடுத்த ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதுங்கள்.

மூலப் படத்தை லமினேற் செய்ய வேண்டாம். சூடும் பசையும் உள்ளே போனால் திருப்பி எடுக்க முடியாது. ஒட்டும் அல்பமும், மணமுள்ள மென்மையான பிளாஸ்டிக் உறையும் கூடாது. சாதாரண வெள்ளைக் கடதாசி உறையில் போட்டு, சமையலறையிலிருந்தும் கூரையிலிருந்தும் தள்ளி, காற்றோட்டமான அலுமாரியில் வையுங்கள். சுவரில் மாட்டுவது பிரதியாக இருக்கட்டும்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுக்க வேண்டாம். முதலில் கண்ணாடிக்கு மேலாகவே படம் எடுங்கள். வெள்ளத்தில் நனைந்த ஸ்ரூடியோப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், காயவிட முன்னர் சுத்தமான தண்ணீரில் வைத்து மெதுவாகப் பிரித்து, முகம் மேலே தெரிய நிழலில் உலர்த்துங்கள். பிரிண்டரில் எடுத்த மைப் படங்களைத் தண்ணீரில் போடக்கூடாது.

படம் எடுத்த ஸ்ரூடியோ இன்னும் இருந்தால் நெகற்றிவ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளை நெகற்றிவும் வெள்ளிதான். நன்றாக இருக்க வாய்ப்புண்டு.

இன்னொன்று மிக முக்கியம். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது நிறைய. அவை இழந்த முகத்தை மீட்பதில்லை. இல்லாத விபரத்தைத் தாமே ஊகித்து வரைகின்றன. காதின் வடிவம், பல்வரிசை, மச்சம் எல்லாம் மாறிவிடலாம். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குச் செய்யலாம். அலுவலகத்துக்கோ விசாரணைக்கோ கொடுப்பது திருத்தப்படாத பிரதியாகவே இருக்க வேண்டும்.

அம்மாவிடம் திரும்பிப் போனேன். இரண்டு படங்களையும் ஆலய மதிலின் நிழலில் கறுப்புத் துணியில் வைத்து எடுத்தேன். ஒன்று வெள்ளி, மற்றது சாயம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "அப்ப இவனையும் கறுப்பு வெள்ளையில எடுத்திருக்கலாம்" என்றார். சிறிது நேரம் பேசவில்லை. நான் கோப்புக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தேன்: பெயர், ஆண்டு, இடம்.

"சட்டை நீலம்" என்றார். "கடும் நீலமில்லை, பள்ளிக்கூடக் காற்சட்டை நீலம் மாதிரி. அதையும் எழுதுங்கோ பிள்ளை."

எழுதினேன்.